அணில்கூடு.உஷார்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு 'விசாரணை' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மேனேஜரே "விசாரணை எங்கப்பா?" என்றுதான் கேட்பார். அவளும் "இதோ சார்" என்று எழுந்து நிற்பாள்.

எங்கள் வேலை போனில் விற்பது. ஒரு நீளமான கூடம், வரிசையாக மேசைகள், தலையில் மாட்டிய மைக், கண்ணுக்கு முன்னால் ஒரு திரை. திரையில் நம்பர் வரும். எதிர்முனையில் இருப்பவர் போனை வைப்பதற்குள் சரக்கை அவர் தலையில் கட்டிவிட வேண்டும். நாங்கள் எல்லாரும் நம்பர் வந்த மாத்திரத்தில் "வணக்கம் சார்" என்று பாடத்தை ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவோம். அவள் அப்படிச் செய்ய மாட்டாள். அது என்ன கடை, எந்தத் தெரு, எத்தனை வருஷமாக இருக்கிறது, வாசலில் வண்டி நிறுத்த இடம் உண்டா என்று எல்லாவற்றையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவாள். "உங்க கடைக்கு எதிர்ல சாவி செய்யறவர் ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரே, இன்னும் இருக்காரா சார்?" என்று ஆரம்பித்தால் எந்தக் கடைக்காரருக்குப் போனை வைக்க மனசு வரும்? மாசக் கடைசியில் அவள் விற்றதில் பாதிகூட நாங்கள் விற்றிருக்க மாட்டோம். அதனால்தான் அந்தப் பெயர்.

நான் அவளுக்குப் பக்கத்து இருக்கை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அவளுக்கு வாயே கிடையாது. அவளைப் பற்றி அவள் சொல்ல மாட்டாள் என்பதால் நான் சொல்கிறேன்.

சரக்கு என்னவென்று சொல்லவில்லையே. இணையத்தில் ஒரு கடைக்கு முகவரி வேண்டுமென்றால், கடையின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஒரு வால் சேர்க்க வேண்டும். டாட் காம் எல்லாருக்கும் தெரிந்த வால். அந்த மாதிரிப் புது வால்களை உண்டாக்கி விற்கும் உரிமையை வாங்கி வைத்திருந்த கம்பெனி எங்களுடையது. டாட் கடை, டாட் வீடு என்று முதலில் சாதுவான வால்களாகக் கொண்டு வந்தார்கள். நாய்கூடச் சீந்தவில்லை. அப்புறம் மேலிடத்தில் எந்தப் புண்ணியவானுக்கோ டாட் உஷார் என்று ஒன்று தோன்றியது.

அதாவது, நீங்கள் ஒரு பல் மருத்துவமனை நடத்துகிறீர்கள் என்று வையுங்கள். அதன் பெயரோடு உஷார் என்ற வாலைச் சேர்த்து, முன்பின் தெரியாத எவனும் ஒரு முகவரியை வாங்கிக்கொள்ளலாம். அதில் உங்களைப் பற்றி எதையும் எழுதலாம். எழுதுகிறவன் யார் என்று சொல்லத் தேவையில்லை. எவனும் வாங்கிவிடக் கூடாது என்று பயமாக இருந்தால் நீங்களே வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளலாம். கம்பெனிக்கு இரண்டு பக்கமும் காசு. முதலில் பதிவு பெற்ற பெரிய நிறுவனங்களுக்கு மட்டும், அநியாய விலையில். மூன்று மாதம் கழித்து, யார் வேண்டுமானாலும் மலிவு விலையில் வாங்கலாம் என்று திறந்துவிடுவார்கள்.

ஊரே கொதித்தது. பெயரைப் பணயம் வைத்துப் பணம் பறிக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. வியாபாரிகள் சங்கம் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் வந்து கோஷம் போட்டது. எங்கள் முதலாளி கோட்டு மாட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் உட்கார்ந்து, "இது சாமானியனின் குரல்" என்றார். ஏமாந்த வாடிக்கையாளர் நியாயம் கேட்க ஒரு மேடையாம். சாமானியனின் பெயரைச் சொல்லாமல் இந்த உலகத்தில் ஒரு அயோக்கியத்தனமும் நடப்பதில்லை. மேடையிலே அவர், தரையிலே நாங்கள். திட்டு முழுக்க எங்கள் காதுக்குத்தான் வந்தது. "என் பேரை நானே காசு குடுத்து வாங்கணுமா? உங்க வீட்ல எல்லாரும் இப்படித்தானா?" என்று ஒருவர். "நான் முடிதாம்மா வெட்டறேன், நீங்க கழுத்தையே வெட்டறீங்களே" என்று ஒரு சலூன்காரர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேசியதைப் பதிவில் கேட்டுவிட்டு எனக்கு மதிப்பெண் குறைத்தார்கள்.

விசாரணை சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "நாம என்ன, கெடுக்கவா கூப்பிடறோம்? இப்படி ஒண்ணு வருது, பத்திரமா இருங்கன்னுதானே சொல்றோம்" என்பாள். அவள் அதை நிஜமாகவே நம்பினாள். நம்பாமல் அவளால் வாயைத் திறக்க முடியாது.

பெரிய நிறுவனங்கள் தீர்ந்ததும் மேனேஜர் எங்களைச் சிறிய இடங்களின் பக்கம் திருப்பினார். திறப்பு நாளைக்கு இப்போதே சொல்லி வையுங்கள், ஆர்வத்தைக் கிளப்புங்கள் என்றார். மருத்துவமனை, டியூஷன், குழந்தைகள் காப்பகம். "குழந்தைன்னு சொல்லுங்க. குழந்தைன்னா யாருக்கும் வயித்துல புளியைக் கரைக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார். காப்பகங்களின் நம்பர்கள் அவள் திரைக்கு வந்தன. "யாராவது ஒரு படத்தைப் போட்டு ரெண்டு வரி எழுதினா போதும் மேடம், பெத்தவங்க நம்பிடுவாங்க" என்று அவள் ஒவ்வொருவரிடமும் மெதுவாக, அக்கறையாகச் சொல்வது பக்கத்திலிருந்து எனக்குக் கேட்கும். இரண்டு நாள் அப்படிச் சொன்னாள். மூன்றாம் நாள் மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என் தங்கச்சியும் காப்பகம்தானே வச்சிருக்கா" என்றாள்.

அடுத்தவரைப் பயமுறுத்தச் சொன்ன வார்த்தை அவளையே வந்து பிடித்துக்கொண்டது.

தங்கையைப் பற்றி அப்போதுதான் முழுசாகச் சொன்னாள். அம்மா சீக்கிரம் போய்விட்டாள். அப்பா இருந்தும் இல்லாதவர். தங்கைக்குத் தலை பின்னியதிலிருந்து கல்யாணம் செய்து கொடுத்தது வரை எல்லாம் இவள்தான். அந்தக் கலாட்டாவில் தன் கல்யாணத்தை மறந்துவிட்டாள், அல்லது மறந்தது போல இருந்துவிட்டாள். தங்கைக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதைச் சாக்கு வைத்துப் புருஷன் அவளை ஒரு பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான். ஆறு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று தவழ்ந்து வந்து அவள் முடியைப் பிடித்து இழுத்த நாளில் எழுந்து உட்கார்ந்தாள். அப்புறம் நகரத்தின் மறுகோடியில் ஒரு சந்துக்குள் கூடமும் சமையலறையுமாக ஓர் இடம் பிடித்து, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். சேமிப்பெல்லாம் அக்காவுடையது. பெயர் வைத்தது தங்கை. அணில்கூடு.

"போர்டுகூடக் கிடையாது. வாசல் சுவத்துல அவளே ஒரு அணில் வரைஞ்சிருக்கா. போட்டோ அனுப்பினா" என்று போனை நீட்டினாள். வால் உடம்பைவிடப் பெரிதாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

"நேர்ல போய்ப் பார்த்தியா?"

"திறந்த அன்னைக்குப் போனேன். அப்புறம் எங்க? ரெண்டு பஸ் மாறணும். லீவு நாள்ல படுத்தா எழுந்திருக்க முடியலை."

எங்கள் திரையில் ஒரு பெட்டி உண்டு. வாடிக்கையாளர் கேட்கும் பெயரை அதில் தட்டினால் 'கிடைக்கும்' என்றோ 'முடிந்தது' என்றோ வரும். அவள் அணில்கூடு என்று தட்டி, உஷாரைச் சேர்த்து, பொத்தானை அமுக்கினாள். 'கிடைக்கும்' என்று வந்தது. பெருமூச்சு விட்டாள். உடனே வாங்க முடியாது. பதிவு பெற்ற பெயர் இல்லை என்பதால் திறப்பு நாள் வரை காத்திருக்க வேண்டும். திறந்த நிமிஷமே வாங்கிப் பூட்டிவிடலாம் என்றாள். தங்கையிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. எதற்கு அவளைப் பயமுறுத்த வேண்டும் என்றாள்.

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. காலையில் வந்து பையை மாட்டியதும் முதல் வேலை அந்தப் பெயரைத் தட்டிப் பார்ப்பது. கிடைக்கும். சரி. அதற்கப்புறம்தான் மைக்கை மாட்டுவாள். சாமி கும்பிட்டாயிற்றா என்று நான் கேலி செய்வேன். "உனக்கென்ன, உனக்கு ஒரு தங்கச்சி இருந்தா தெரியும்" என்பாள். தங்கை சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவாள். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் எனக்கே கேட்கும்.

"அக்கா, பை மாட்டற ஆணிக்கெல்லாம் படம் ஒட்டியிருக்கேன். ஒருத்தனுக்கு மீன், ஒருத்திக்குக் குடை. வந்து பாரேன்."

"அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்டி."

"போன வாரமும் இதையேதான் சொன்னே."

"உன்னை நினைக்காத நாளே இல்லைடி எனக்கு" என்று இவள் சொல்வாள். அது பொய்யில்லை.

கூடத்தின் முன்சுவரில் ஒரு பெரிய டிவி மாட்டியிருந்தார்கள். உலகம் எந்தெந்தப் பெயரைத் தேடுகிறது என்று அது காட்டுவதாக மேனேஜர் சொன்னார். நிறையத் தேடப்படும் பெயர் பெரிய எழுத்தில் வரும். இன்னும் தேடினால் எழுத்து இன்னும் பெருக்கும். ஜுரம் ஏறுகிற மாதிரி ஏறுவதால் நாங்கள் அதற்கு ஜுரப் பலகை என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தோம். அவள் என் கையைப் பிடித்தாள். பலகையின் ஒரு மூலையில் பொடி எழுத்தில் 'அணில்கூடு' என்று இருந்தது.

"யாரு தேடறா?" என்றாள்.

"வேற ஏதாவது அணில்கூடா இருக்கும். இந்த உலகத்துல ஒரு அணிலா இருக்கு?" என்றேன்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உடனே பெட்டியில் தட்டிப் பார்த்தாள். கிடைக்கும். அரை மணி கழித்து மறுபடி. கிடைக்கும். அந்த வாரத்திலிருந்து காலையில் ஒருமுறை பார்த்தது போய், இரண்டு அழைப்புக்கு நடுவில் எல்லாம் பார்க்க ஆரம்பித்தாள். பலகையில் எழுத்து பெரிதாகிக்கொண்டே போனது. எவனோ என் தங்கச்சி பேருக்குக் குறி வச்சிட்டான் என்று சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். மேனேஜரிடம் போய், எனக்கு மட்டும் முன்கூட்டி ஒரு பேர் தர முடியுமா சார், சம்பளத்துல பிடிச்சுக்குங்க என்று கேட்டாள். ஊழியரும் அவர்களுடைய உறவினரும் திறப்பு நாளுக்கு முன்னால் வாங்கக் கூடாது, நேர்மை முக்கியம் என்றார் அவர். நேர்மையாம்! அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

திறப்பு நாள். காலை பத்து மணிக்குத் திறக்கும் என்று அறிவிப்பு. கூடத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். அவள் போனில் பணம் தயாராக, பெயரைத் தட்டித் தயாராக, விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தானதும் எல்லாரும் கை தட்டினார்கள். அவள் அமுக்கினாள்.

'முடிந்தது' என்று வந்தது.

அவள் மறுபடி அமுக்கினாள். அழுதிருந்தால்கூட நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள். மொத்தமாகப் பெயர்களை வாங்கி வைத்து ஏற்றி விற்கிற பெயர் வியாபாரிகளுக்கு முந்தின நாளே முன்பதிவு நடந்து முடிந்திருந்தது. அதை எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்த முகவரியைத் திறந்தால் வந்த பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். அழுகிற ஒரு குழந்தையின் படம். எந்த நாட்டுக் குழந்தையோ. முழங்கைக்கு மேலே கன்றிப்போன ஒரு தடம். கீழே இரண்டு வரி: 'உங்கள் குழந்தை அணில்கூட்டிலா இருக்கிறது? முழு விவரம் விரைவில்.' அவ்வளவுதான். அடித்தார்கள் என்று சொல்லவில்லை. யாரையும் குற்றம் சாட்டவில்லை. விவரம் என்றைக்கும் வரவும் இல்லை. அதற்கும் கீழே பொடி எழுத்தில், இந்த முகவரி விற்பனைக்கு என்று ஒரு மின்னஞ்சல்.

தங்கைக்கு இணையத்தில் வேறு ஒரு பக்கமும் கிடையாது. அதனால் போனில் அணில்கூடு என்று யார் தேடினாலும் முதலில் வருவதும் அதுதான், கடைசியில் வருவதும் அதுதான். புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க நினைத்த ஒரு தாய் தேடியிருக்கிறாள். அவள் இன்னொருத்திக்கு அனுப்ப, சாயங்காலத்துக்குள் பெற்றவர்கள் எல்லாருடைய போனிலும் அந்த அழுகிற குழந்தை இருந்தது.

விசாரணை லீவு போட்டுவிட்டு ஓடினாள். நானும் கூடப் போனேன். வாசலில் அந்த அணிலைத் தாண்டி உள்ளே போனால், கூடத்தில் ஒரு தகப்பன் தன் மகனின் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பையனுக்கு மூன்று வயது இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் அவனைத் திருப்பித் திருப்பி நிறுத்தி, முதுகு, கை, தொடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பையன் விளையாட்டு என்று நினைத்துக் கிளுகிளுவென்று சிரித்தான். தங்கை சமையலறை வாசலில் பால் பாட்டிலைப் பிடித்தபடி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் அந்த மனிதர் சட்டையைப் போட்டுவிட்டு, மீன் படம் ஒட்டிய ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

மற்றவர்கள் இன்னும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். "எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு. வீட்ல பெரியவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க." "கொஞ்ச நாள் போகட்டும், மறுபடி கொண்டாந்து விடறேன்." ஒருத்தர்கூடக் கொண்டுவந்து விடவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பிள்ளையாக இருந்தால் நானும் சட்டையைக் கழற்றித்தான் பார்த்திருப்பேன். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

அந்த மின்னஞ்சலுக்கு எழுதி விலை கேட்டோம். அக்கா தங்கை இரண்டு பேரும் கழுத்தில் காதில் இருப்பதையெல்லாம் விற்றால் தேறலாம் போல இருந்தது. மறுநாள் சரி என்று எழுதினால், விலை ஏறிவிட்டது. விசாரித்ததுமே ஏற்றிவிடுகிறார்கள். போலீஸில் கேட்டால், பெயர் எங்கே பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டில் போய்ப் புகார் கொடுங்கள் என்றார்கள். குழந்தை பிறக்காதவள் என்ற பேச்சும் அந்தச் சந்தில் கிளம்பியது. இல்லாதவளுக்கு இருக்கிறவர்கள் மேல் ஆத்திரம் இருக்காதா என்று யாரோ சொன்னார்களாம். எந்தக் கட்டையில் போகிற வாய் அது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

தங்கை ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"இவ்ளோ பெரிய உலகத்துல இந்தச் சந்து யாருக்கு அக்கா தெரியும்? யாரு எங்க பேரைப் போய்ச் சொன்னது?"

"கண்டுபிடிக்கலாம்டி" என்று இவள் சொன்னாள்.

கண்டுபிடித்தாள். அதை அவளே தேடிப் போகவில்லை. டாட் உஷார் வசூல் நன்றாக நடந்ததில் கூடத்துக்கு இன்னும் பெரிய டிவி வந்தது. பழையதைக் கழற்ற வந்த கம்ப்யூட்டர்காரர் ஏணியில் நின்றபடி வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், எதையும் மறைக்கத் தெரியாதவர்.

"உலகம் முழுக்கத் தேடறதை இந்த ஒரு வயர்ல எப்படிங்க கொண்டு வர்றீங்க?" என்று நான் சும்மா கேட்டேன்.

"உலகமா? அதெல்லாம் இல்லம்மா. நீங்க இந்தப் பெட்டியில தட்டறீங்களே, அதுதான் அங்க தெரியுது. அதிகமா தட்டினா எழுத்து பெருசாகும். சாயங்காலம் அதை அப்படியே பேர் வியாபாரிங்களுக்கு அனுப்பிடுவாங்க. பெரிய எழுத்துன்னா முதல்ல வாங்குவாங்க."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவள் மைக்கை மாட்டிக்கொண்டு, கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதுக்குள் யாரோ ஒரு கடைக்காரர் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.

நல்ல வேலைக்காரி, அதனால் வந்த வினை. எங்களைப் போல அரைகுறையாக வேலை செய்திருந்தால் அந்தப் பெயரை ஒருமுறை தட்டிவிட்டு மறந்திருப்பாள். காவல் காக்கிறோம் என்று நினைத்து, தினம் தினம் திருடனுக்கு வழி காட்டியிருக்கிறாள். பயந்து பயந்து பார்த்தாள். பார்த்ததாலேயே எழுத்து பெருத்தது. பெருத்ததைப் பார்த்து இன்னும் பயந்தாள்.

"அவகிட்ட சொல்லாதே" என்றாள் என்னிடம். "அவளுக்கு மிச்சம் இருக்கறது நான் ஒருத்திதான்."

நான் சொல்லவில்லை. அந்த வாரமே வேலையை விட்டேன். அவள் விடவில்லை. தங்கையின் வாடகையையும் சேர்த்து அவள் ஒருத்தியின் சம்பளம்தான் கட்டிக்கொண்டிருந்தது.

கூச்சல் அடங்காமல் போகவே அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு போட்டது. தலைமைக்கு ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஊழியர்கள் தேடிய பெயர்களைக் கம்பெனி வியாபாரிகளுக்கு விற்றதா? விற்றது நிரூபணமானால் பெயர்களைப் பறித்து உரியவர்களிடம் கொடுக்க உத்தரவிடலாம். பாதிக்கப்பட்டவர்கள் வரலாம் என்று அறிவித்தார்கள். தங்கை வந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு விசாரணையும் வந்தாள். விசாரணைக்கே விசாரணையா என்று வேறு நாளாக இருந்தால் கேலி செய்திருப்பேன்.

நான் முதலில் பேசினேன். பலகையைப் பற்றி, கம்ப்யூட்டர்காரர் சொன்னதைப் பற்றிச் சொன்னேன். கம்ப்யூட்டர்காரரை அதற்குள் வேறு நாட்டுக் கிளைக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். கம்பெனி வக்கீல் எழுந்தார். வழவழவென்று பேசினார். பெயர் வியாபாரிகள் சந்தையைத் தாங்களே ஆராய்ந்து நல்ல பெயர்களை வாங்கினார்கள், அது அவர்களுடைய திறமை, எங்கள் கூடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இந்த அம்மாள் வேலையை விட்ட கோபத்தில் பேசுகிறார் என்றார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு ஆதாரம் ஏதாவது உண்டா என்று கேட்டார். முடித்துக்கொள்ளலாமா என்கிற மாதிரி தன் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

விசாரணை எழுந்தாள். தங்கை அவள் புடவையைப் பிடித்து இழுத்து, "உனக்கு வேலை போயிடும், உட்காருக்கா" என்றாள்.

"ஐயா, அணில்கூடுன்னு ஒரு பேர். அதை எந்தச் சந்தையும் ஆராய்ஞ்சிருக்க முடியாதுங்க" என்றாள்.

"ஏன் முடியாது?"

"அதுக்குப் போர்டு கிடையாது. விளம்பரம் கிடையாது. இணையத்துல ஒரு வரி கிடையாது. சந்துக்குள்ள ஒரு சுவத்துல அணில் படம் இருக்கும். உள்ள இருக்கற பிள்ளைங்களுக்கும் பெத்தவங்களுக்கும்தான் அந்தப் பேர் தெரியும். முன்பதிவுல அதைத்தான் முதல்ல வாங்கியிருக்காங்க. பெரிய பெரிய கடைங்க பேருக்கெல்லாம் முன்னாடி வாங்கியிருக்காங்க."

வக்கீல் சிரித்தார். "அப்படின்னா அந்தப் பேரை யாரோ தேடியிருக்காங்கன்னுதானே அர்த்தம்?"

"ஆமாங்க. நான் தேடினேன்."

அவள் தங்கையின் பக்கம் திரும்பவில்லை.

"பத்திரமா இருக்கான்னு பார்த்தேன். தினம் பார்த்தேன். ஒரு நாளைக்குப் பல தடவை பார்த்தேன். என்னைத் தவிர ஒருத்தர் அந்தப் பேரைத் தட்டியிருந்தா, நான் சொல்றது பொய்னு வச்சுக்குங்க. என் மேசையில தட்டினதை எடுத்துப் பாருங்க. என் மேசையிலிருந்து போகாம அது வெளியில போறதுக்கு வேற வழியே இல்லை. நான்தாங்க வழி."

நீதிபதி அந்தப் பெயரைத் தேடிய பதிவை மட்டும் உடனே கொண்டுவரச் சொன்னார். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு வந்தது. எல்லாத் தேடலும் ஒரே மேசையிலிருந்து. வக்கீல் அதன் பிறகு அதிகம் பேசவில்லை. கம்பெனி விற்றது என்று குழு எழுதியது. பறித்த பெயர்களைத் திருப்பிக் கொடுக்க உத்தரவும் வந்தது. பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். டாட் உஷாரை யாரும் நிறுத்தவில்லை. அது இன்னும் இருக்கிறது. அணில்கூடு.உஷார் இப்போது தங்கையின் பெயரில் பூட்டிக் கிடக்கிறது. காப்பகம் இருந்த கூடத்தைத்தான் வேறு யாருக்கோ சாமான் போட்டு வைக்க வாடகைக்கு விட்டுவிட்டார்கள். ஒரு முறை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். அணிலின் மேல் வெள்ளையடித்திருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது அவள் சாட்சி சொன்ன அன்றைய சாயங்காலத்தைப் பற்றி. மூன்று பேரும் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். வேலை போய்விட்டது என்று விசாரணையின் போனுக்குச் செய்தி வந்திருந்தது. அவள் அதைப் படித்துவிட்டுப் பையில் போட்டாள். தங்கை கொஞ்சம் தள்ளி நின்றாள். அவள் கத்துவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். பத்து வயதில் தனக்குத் தலை பின்னிவிட்ட கைகளை அவள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமுமா?" என்றாள்.

"தினமும்தான்" என்றாள் விசாரணை. "வந்ததும் முதல் வேலை அதுதான்டி."

தங்கையின் பேருந்து வந்தது. அவள் படியில் ஒரு காலை வைத்தாள். கண்டக்டர் சீக்கிரம் ஏறும்மா என்றார். திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"தினம் என் பேரைப் பார்த்தியே, ஒரு நாள் என்னை வந்து பார்த்திருக்கக் கூடாதாக்கா?"

பேருந்து கிளம்பிவிட்டது. அடுத்து வந்தது எங்கள் பேருந்து. நான் ஏறினேன். அவள் ஏறவில்லை.